நாற்பத்திரண்டாவது நாள்

கார்த்திகை முதல் நாள் விடியற்காலையில் கடலூர் மாவட்டத்துக் கிராமங்களில் ஓர் அற்புதம் நடக்கிறது. முந்தின இரவு வரை நாளுக்கு இரண்டு கட்டு பீடி ஊதிக்கொண்டிருந்தவன், குளத்தில் முழுகி எழுந்து, கறுப்பு வேட்டி கட்டி, குருசாமி முன்னால் தலையைக் குனிகிறான். கழுத்தில் துளசிமணி மாலை விழுகிறது. பீடி போயிற்று. மாத்திரை இல்லை, மருந்து இல்லை, அவன் பால்ய காலத்தைக் கிண்டிக் கிளறும் ஆலோசகரும் இல்லை. பீடி பற்ற வைக்காமல் கொல்லைப்பக்கம் போனால் வயிறு இளகாது என்று சாதித்தவனுக்கு நாற்பத்தோரு நாளும் ஒழுங்காக இளகுகிறது. பெட்டிக்கடைக்காரர் அவனைக் கண்டதும் கட்டை எடுப்பதில்லை. "வாங்க சாமி" என்று கும்பிடுகிறார்.

பீடியை விட்டவனுக்கு வருகிற எரிச்சல், படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் முதல் வாரத்தில்தான் உச்சத்தில் இருக்கும், மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும் என்பது மருத்துவர்கள் கணக்கு. ஆக, மண்டலம் முடிகிற அன்று கஷ்டமான பகுதியை அவன் தாண்டியாகிவிட்டது. சபரிமலைக்குப் போய் வருகிறான். மாலை கழற்றுகிறார்கள். மாலை சாமி படத்துக்குப் போகிறது, நெய் அக்கம்பக்கத்துக்குப் போகிறது, அரவணை பிள்ளைகளுக்குப் போகிறது. எல்லாவற்றுக்கும் முறை சொல்லத் தெரிந்த குருசாமி ஒன்றே ஒன்றைச் சொல்வதில்லை: "பீடியை மட்டும் திரும்ப எடுத்துடாத." நாற்பத்திரண்டாவது நாள் பெட்டிக்கடைக்காரர் கும்பிடுவதை நிறுத்திவிட்டுக் கட்டை எடுத்து நீட்டுகிறார்.

இதில் இந்துக்களை மட்டும் குறை சொன்னால் மதச்சார்பின்மைக்கு இழுக்கு. பரங்கிப்பேட்டையிலும் ரமலான் வருகிறது. முப்பது நாள், விடியலிலிருந்து சூரியன் மறைகிற வரை ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, ஓர் இழுப்புப் புகை இல்லை. நோன்பு திறந்த கையோடு, கஞ்சியின் சூடு தொண்டையில் ஆறுவதற்குள், தீப்பெட்டி உரசுகிற சத்தம் கேட்கிறது. தேவாலயத்துக்காரர்களுக்குத் தவக்காலம் நாற்பது நாள். நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு எதையாவது ஒறுத்தல் செய்ய வேண்டும். உயிர்ப்பு ஞாயிறன்று ஆண்டவரோடு பாக்கெட்டும் உயிர்த்தெழுகிறது.

நாற்பத்தொன்று, முப்பது, நாற்பது. பந்தலுக்கும் மேளத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் அடித்துக்கொள்கிறவர்கள், கெடு முடிந்த மறுநாள் ஆளைக் கடைக்காரரிடம் ஒப்படைப்பதில் மட்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த அண்டாவைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுப்பதுபோல, நுரையீரலைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

நம் மதத் தலைவர்களுக்குப் புகையிலையைப் பற்றி அக்கறையே இல்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். ஆண்டுக்கு ஒரு நாள் அக்கறை உண்டு. மே 31, உலகப் புகையிலை எதிர்ப்பு நாள். மேடை போட்டால் காவி, வெள்ளை, பச்சை மூன்றும் வரிசையாக உட்காரும். வலது கையை நீட்டி உறுதிமொழி. உடம்பு இறைவன் வாழும் ஆலயம் என்று ஒருவர் சொல்வார், இறைவன் தந்த அமானிதம் என்று இன்னொருவர் சொல்வார், பரிசுத்த ஆவி தங்கும் இடம் என்று மற்றவர் சொல்வார். சால்வை, போட்டோ, டிபன். உறுதிமொழி எடுத்த கூட்டத்தில் பாதி பேர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், மீதிப் பேர் அலுவலகத்து ஊழியர்கள். பீடி பிடிக்கிறவன் அந்த நேரத்தில் புவனகிரிப் பக்கம் உளுந்து மூட்டை ஏற்றிக்கொண்டிருப்பான். அவனை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் அன்றைய கூலி போயிருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 1999 மே மாதத்திலேயே ஜெனீவாவில் எல்லா மதத்தாரையும் கூட்டிவைத்துப் புகையிலையைப் பற்றிப் பேசியது. எல்லா மதமும் புகையிலைக்கு எதிராக ஏதாவது சொல்ல முடியும் என்று அங்கே தெரிந்தது. சொல்ல முடியும் என்பது நமக்கும் தெரியும். கால் நூற்றாண்டாகச் சொல்ல முடிந்துகொண்டே இருக்கிறது.

மதம் சொன்னால் மனிதன் கேட்பானா என்று சந்தேகப்படுகிறவர்கள் பஞ்சாபைப் பார்க்கலாம். 1699இல் குரு கோவிந்த் சிங் கால்சாவை நிறுவியபோது புகையிலையை விலக்கி வைத்தார். இரவல் கெடுவெல்லாம் கிடையாது, ஆயுள் முழுக்க. முன்னூறு ஆண்டு கழித்து, 2016-17இல் எடுத்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயது வந்தோரில் 28.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலை உபயோகித்தார்கள், பஞ்சாபில் 13.4 சதவீதம். தமிழ்நாட்டில் 20. சரி, மத பக்தி மட்டும் போதுமா என்றால் அதற்கு மிசோரம் இருக்கிறது. அங்கே கிறிஸ்தவ சபை நிமிர்ந்து பார்த்தால் அரசாங்கம் குனிந்துகொள்ளும். சபையின் அழுத்தத்தில் 1997இல் மதுவிலக்கே வந்தது. அதே மிசோரத்தில் புகையிலை 58.7 சதவீதம். சாராயத்தைப் பாவம் என்று சொன்ன வாய் புகையிலையைப் பற்றி அந்த அழுத்தத்தோடு பேசவில்லை, அவ்வளவுதான். பக்தி இரண்டு இடத்திலும் உண்டு. எதைக் குறிப்பிட்டுச் சொன்னார்களோ அது குறைவாக இருக்கிறது, சொல்லாமல் விட்டது நிறைந்திருக்கிறது. பிஜித் தீவில் நபிலா என்று ஒரு கிராமம். அங்கே ஊர்ப் பெரியவர்கள் கூடிச் சடங்கு செய்து, புகை இந்த ஊருக்கு ஆகாது என்று விலக்கு வைத்தார்கள். ஊரே விட்டது. உலகத்து ஆராய்ச்சியாளர்கள் அதை ஆச்சரியமாக எழுதினார்கள். நம் பக்கத்துக் கிராமத்தான் வாசித்தால் சிரிப்பான். காப்புக் கட்டினால் பத்து நாள் ஊரைத் தாண்டிப் போகாத ஊர்க்காரனுக்கு இதில் என்ன ஆச்சரியம்?

ஆக, நம் தலைவர்களுக்கு வலு இல்லாமல் இல்லை. வலுவை வேறு இடத்தில் செலவு செய்துகொண்டிருக்கிறார்கள்.

சிதம்பரம் நடராசர் கோயிலில் ஒரு மேடை இருக்கிறது. கனகசபை. அதன் மேல் யார் ஏறலாம், எப்போது ஏறலாம், ஏறி எந்த மொழியில் வாயைத் திறக்கலாம் என்பதற்காக இந்த ஊரில் செலவான மூச்சைச் சேர்த்துவைத்திருந்தால் மாவட்டத்து ஆஸ்துமாக்காரர் அத்தனை பேருக்கும் ஆக்சிஜன் கொடுத்திருக்கலாம். 2008 மார்ச் 2ஆம் தேதி ஆறுமுகசாமி என்ற சிவனடியார் அங்கே நின்று தேவாரம் பாடுவதற்கு அரசாணையும் போலீசும் வேண்டியிருந்தன. தள்ளுமுள்ளு நடந்தது. கோயில் நிர்வாகம் யாருக்கு என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2014 ஜனவரி 6ஆம் தேதி அர்ச்சகர்களான தீட்சிதர்கள் பக்கம் தீர்ப்பானது. 2022 மே மாதத்தில் கனகசபையில் பக்தர்கள் ஏறலாம் என்று ஓர் அரசாணை. 2023 ஜூனில் ஆனித் திருமஞ்சனத்துக்கு நாலு நாள் ஏறக்கூடாது என்று ஒரு பலகை. பலகையை எடுக்க அதிகாரிகள், அதிகாரிகளைத் தடுக்கத் தீட்சிதர்கள், நடுவில் போலீஸ். ஒரு பலகை! நாடே பார்த்தது.

எனக்கு ஒரு பேராசை. அதே அக்கறையோடு, அதே அளவில், தேர் நிலைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை வைத்தால் என்ன? "புகைத்துவிட்டு வந்தவர் இன்று உள்ளே வர வேண்டாம், நாளை விட்டுவிட்டு வாருங்கள்." எழுத எத்தனை நிமிடம் ஆகும்? அதை எடுக்க எந்த அதிகாரி வருவார்? எந்த நீதிமன்றம் தடை போடும்? மேலே சட்டை போட்டவனை எந்தத் தூணருகே நிறுத்துவது என்று தெரிந்தவர்கள், அந்தச் சட்டைப்பையில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். நந்தனாரின் பிறப்பைக் கவனித்தவர்களுக்கு இவன் இருமல் காதில் விழவில்லை.

அதுவும் தற்செயல் இல்லை. பீடி யாருடையது என்று பாருங்கள். நடவு, கதிரடிப்பு, செங்கல் சூளை, சுமை, வலை. பசி அடங்கப் பிடிப்பவன், வெயில் தெரியாமலிருக்கப் பிடிப்பவன், மேஸ்திரி ஐந்து நிமிடம் உட்கார விடுவார் என்பதற்காகவே பிடிப்பவன். பீடி பிடிக்காமல் சும்மா உட்கார்ந்தால் சோம்பேறி, பீடியோடு உட்கார்ந்தால் இளைப்பாறுகிறான். பெரிய மடங்களின் பல்லக்கு அவன் தெருவுக்குள் வந்ததில்லை. ஆகவே அவன் நுரையீரல் எந்த ஆகமத்திலும் வரவில்லை.

சட்டமும் சாமிகளுக்கு ஒத்துழைக்கிறது. மதுக்கடை என்றால் கோயிலிலிருந்து நகரத்தில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டு விதி. 2003ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டம் பள்ளிக்கூடத்திலிருந்து நூறு கஜம் தள்ளி விற்கச் சொல்கிறது. கோயிலைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. எனவே பீடி, சிகரெட் விற்கும் கடை மதில் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, கற்பூரத்தையும் கட்டையும் ஒரே பலகையில் பரப்பி வைத்து விற்கலாம். பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம் என்ற விதி 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் இருக்கிறது. காந்தி பிறந்த நாளில் வந்த சட்டம். காந்தியின் மற்ற விஷயங்களைப் போலவே அதையும் மதிக்கிறோம். வாயில் அடக்கும் புகையிலையான ஹான்ஸும் கூல் லிப்பும் தடை செய்யப்பட்டவை என்பதால் அவை கண்ணில் படுகிற இடத்தில் தொங்குவதில்லை. கேட்டால் மட்டுமே கிடைக்கும்.

கடை வரிசையில் மத நல்லிணக்கத்துக்கும் குறைவில்லை. கணேஷ் பீடி, செய்யது பீடி, காஜா பீடி. முதற்கடவுளின் பெயரைப் பாக்கெட்டில் போட்டு, அதைக் கிழித்து, நாக்கில் எச்சில் தொட்டு, பற்ற வைத்து, துண்டைக் காலில் போட்டு நசுக்குகிறோம். ஒரு சினிமாவில் ஒரு வசனம் வந்தால் புண்படுகிற மனசு, ஒரு ஓவியத்தில் ஒரு கோடு கோணினால் கொந்தளிக்கிற மனசு, இங்கே மட்டும் சிராய்ப்புகூட இல்லாமல் தப்பித்திருக்கிறது. பூஜைக்குப் பற்ற வைக்கிற மங்கள்தீப் ஊதுபத்தியும் கோல்ட் பிளேக் சிகரெட்டும் ஒரே ஐ.டி.சி. கம்பெனியின் சரக்கு. அதே கம்பெனிக்குத் தீப்பெட்டியும் உண்டு. சாமிக்கு ஒரு புகை, ஆசாமிக்கு ஒரு புகை, இரண்டுக்கும் நெருப்பு. அந்தக் கம்பெனியில் ஏறக்குறைய 15 சதவீதப் பங்கு எல்.ஐ.சி.யுடையது. செத்தால் பணம் கொடுக்கிற நிறுவனமே சாகிற வழியிலும் கொஞ்சம் முதல் போட்டு வைத்திருக்கிறது. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடி, சிகரெட்டுக்கு 40 சதவீதம் என்று கண்டிப்புக் காட்டிவிட்டு, பீடிக்கு 28லிருந்து 18ஆகக் குறைத்துக்கொள்ள முடிவெடுத்தது. பீடி சுற்றும் பெண்களின் பிழைப்பு என்றார்கள். அந்தப் பெண்களுக்குக் கூலி உயர்த்துவது என்றால் மட்டும் கவுன்சில் கூடுவதில்லை.

பகுத்தறிவாளர்கள் இந்த இடத்தில் முனீஸ்வரனைப் பிடிப்பார்கள். சாமியே சுருட்டுப் பிடிக்கிறது, பக்தன் ஏன் பிடிக்கமாட்டான் என்பார்கள். முனீஸ்வரன் சார்பில் நான் வாதாடத் தயார். முதலாவது, அவருக்கு நுரையீரல் இல்லை. இரண்டாவது, அவர் பிடிப்பது ஆண்டுக்கு ஒரு தடவை, திருவிழாவில். மூன்றாவது, ஊரைக் காவல் காக்க இரவெல்லாம் குதிரையில் சுற்றுகிறவர், கூலி கேட்டதில்லை. ஆண்டுக்கு ஒரு சுருட்டோடு நிறுத்திக்கொள்ளும் ஒரே ஆள் எங்கள் பக்கத்தில் அவர்தான். அந்த வகையில் அவரை முன்மாதிரியாகவே வைக்கலாம். குற்றவாளி படையலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர். அருள் வந்து ஆடும்போது, எவன் வேலியை எவன் நகர்த்தினான், எந்தப் பெண் எந்தச் சாதிப் பையனோடு பேசினாள் என்பதெல்லாம் தெரிகிற பூசாரிக்கு, முன்னால் நிற்கிறவன் சளியில் ரத்தம் வருவது மட்டும் தெரிவதில்லை. "எனக்குப் படைச்ச சுருட்டுதான் இந்த வம்சத்துக்கே கடைசிச் சுருட்டு, இனிமே எவன்டா பத்த வைக்கிறவன்?" என்று முனி ஒரு தடவை கேட்டால் போதும். அடுத்த நாளே ஊரில் பாதிப் பேருக்குக் கை நடுங்கும். முனி கேட்கமாட்டார். பூசாரியின் மடியிலும் ஒரு கட்டு இருக்கிறது.

நம் பக்கத்தில் குடியை நிறுத்தக் கோயிலில் கயிறு கட்டுகிற வழக்கம் உண்டு. பெண்டாட்டிதான் இழுத்துக்கொண்டு வருவாள். கெடு வைத்துச் சத்தியம் வாங்கி, கையில் கயிறு கட்டி, காணிக்கையும் வாங்கிக்கொள்வார்கள். பயந்துகொண்டு குடியை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். "பீடிக்கும் சேர்த்துக் கட்டிடுங்களேன் சாமி" என்று அந்தப் பெண் கேட்டால், "ஒண்ணொண்ணா விடட்டும்மா" என்று பதில் வரும். அந்த இரண்டாவது ஒண்ணு வருவதற்குள் அவள் தாலியை ஏதாவதொரு கடையில் வைத்துவிட்டு மருத்துவமனை வராந்தாவில் படுத்திருப்பாள். காசிக்குப் போகிறவர்கள் கதை இதைவிட அழகு. கங்கையில் முழுகி, பிடித்தது ஒன்றை விட்டுவிட்டு வர வேண்டும் என்பது ஐதீகம். வண்டி வண்டியாகப் போய் வருகிறார்கள். பாகற்காயை விடுகிறார்கள், கொத்தவரங்காயை விடுகிறார்கள். புகையிலையை விட்டுவிட்டு வந்த புண்ணியவானை இன்னும் நான் பார்க்கவில்லை.

இந்த மண்ணில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது, அதுதான் வயிற்றெரிச்சல். பாடலிபுத்திரம் என்ற திருப்பாதிரிப்புலியூரில் சமணப் பள்ளியில் பெரிய ஆளாக இருந்த தருமசேனருக்குச் சூலை நோய் வந்தது. அங்கிருந்த மருந்தும் மந்திரமும் பலிக்கவில்லை. ராத்திரியோடு ராத்திரியாகத் திருவதிகையில் அக்காள் வீட்டுக்கு வந்து விழுந்தார். திலகவதியார் மேடை போடவில்லை, உறுதிமொழி வாங்கவில்லை. திருநீற்றைக் கொடுத்துக் கூடவே கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நோய் தீர்ந்தது, அப்பர் பிறந்தார். கூட நின்றாரே, அதுதான் சமாச்சாரம். அவர் எந்த மடத்துக்கும் தலைவர் இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மருதூரில் பிறந்த இராமலிங்க அடிகளுக்கும் ஆள் பலம் இல்லை, பண பலம் இல்லை, அரசாணை இல்லை. 1867இல் வடலூரில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. புலால் வேண்டாம் என்றார். சோறும் குழம்பும் மீனுமாக வாழ்ந்த மாவட்டத்தில் குடும்பம் குடும்பமாக விட்டார்கள், பேரன் பேத்தி வரை விட்டார்கள். கடல் பக்கத்து நாக்கை மீனிலிருந்து பிரிக்க முடிந்ததென்றால் பீடி எம்மாத்திரம்? இப்போது அவர் பெயரால் அரசு ஒரு நாள் டாஸ்மாக்கை மூடுகிறது. முந்தின நாளே வாங்கி வைத்துக்கொள்கிறோம். தைப்பூசத்தன்று ஏழு திரை விலகி ஜோதி தெரிகிறபோது கையெடுத்துக் கும்பிடுகிற லட்சம் பேரில் எத்தனை பேர் இடுப்பில் தீப்பெட்டி இருக்கிறது என்று மேடையில் இருப்பவர்கள் எண்ணிப் பார்த்தால் தேவலை. அவர்களுக்கு ஏழு திரையில் ஒன்றுகூட விலகவில்லை.

புகையிலையால் இந்தியாவில் ஆண்டுக்கு 13 லட்சம் பேருக்கு மேல் சாகிறார்கள். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையின் புகைக்கூண்டுப் புகையைச் சுவாசித்துக்கொண்டே பீடியும் பிடிக்கிற குடிகாடு கிராமத்துக்காரன் அந்தக் கணக்கில் எந்தப் புகைக்குச் சேருவான் என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. பீடியை ஊதினால் பாவம், கூண்டு ஊதினால் வளர்ச்சி. அதன் பூமி பூஜைக்கும் மந்திரம் சொல்ல ஆள் போயிருப்பார்கள்.

பாக்கெட்டின் 85 சதவீதப் பரப்பில் அழுகிய வாயும், விட்டுவிட அழைக்க 1800-11-2356 என்ற எண்ணும் அச்சிட்டிருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு எண்ணும், சில்லறையில் ஒன்றிரண்டாக வாங்குகிறவனுக்குப் படமும். இரண்டும் அவனுக்குக் கிடைப்பதில்லை. கிடைக்கக்கூடிய ஒரே ஆள், வாரம் ஒரு முறையாவது அவன் போய் முன்னால் நிற்கிற ஆள், அவன் பயப்படுகிற ஒரே ஆள், சாமியார்தான், பாதிரியார்தான், பள்ளிவாசல் இமாம்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் இரண்டு நிமிடம். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் இரண்டு நிமிடம். மாலை கழற்றுகிறபோது ஒரு வாக்கியம். இதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. மலையைத் தூக்கச் சொல்லவில்லை.

வராமல் இருக்கிறார்களா என்றால், வருகிறார்கள். அவன் செத்த பிறகு வருகிறார்கள். பதினாறாம் நாள் கருமாதிக்கு இலை போடுகிறபோது, செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் வைக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை. வடை, சுழியம், கருவாட்டுக் குழம்பு, அவர் போட்ட சட்டை. காரியம் பண்ணி வைக்கிறவர் இலையை ஒரு நோட்டம் விடுகிறார். ஏதோ குறைகிறது. "ஏம்மா, அவர் பீடி பிடிப்பாரே, அது எங்க? ஆத்மா அலையும்மா, ஓடிப் போயி ஒரு கட்டு வாங்கியாரச் சொல்லு." பெரிய பையன் பெட்டிக்கடைக்கு ஓடுகிறான். பதினாலு வயசு. கட்டைப் பிரித்து, ஒன்றைப் பற்ற வைத்து இலையில் வைக்க வேண்டும். காற்றில் அணைகிறது. "வாயில வச்சு ஒரு இழு இழுத்துப் பத்த வைடா, அப்பதான் நிக்கும்" என்கிறார் அவர், தட்சணைத் தட்டைப் பக்கத்தில் நகர்த்திக்கொண்டே.